கடல் குமட்டல் உள்ளவருக்கு எந்தப் பாய்மரப் படகு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல் என்றால் ஆசை. படகில் ஏறி ஒரு மணி நேரத்தில் குமட்டல். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வமல்ல. அப்படிப்பட்டவர், ஆழமில்லாத நீரிலும் போகக்கூடிய, ஆட்டம் குறைந்த பாய்மரப் படகு தேடும்போது வழக்கமாகக் கேட்பவை இவை. பேச்சு பெரும்பாலும் 6 முதல் 12 மீட்டர் நீளமுள்ள, கேபின் வைத்த படகுகளைப் பற்றியது.

சாயாத படகாகப் பார்த்து வாங்கினால் குமட்டல் வராது, அப்படித்தானே?

அப்படியில்லை. பாய்மரப் படகு காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுவதும் அலையில் ஏறி இறங்குவதும் வேறு வேறு சமாச்சாரங்கள். சாய்வு பயமுறுத்தும், புதிதாக ஏறியவர் கைப்பிடியை விடமாட்டார். ஆனால் 15 டிகிரி சாய்ந்து அதே கோணத்தில் சீராக ஓடும் படகு வயிற்றைக் கலக்குவதில்லை. கலக்குவது மேலும் கீழுமான அசைவு, அதிலும் மெதுவானது. 1974-இல் ஓஹன்லன், மெக்காலி என்ற இரு ஆய்வாளர்கள் ஆட்களை மூடிய அறையில் உட்காரவைத்து, அந்த அறையையே பல வேகங்களில் ஏற்றி இறக்கிச் செய்த சோதனைகளை வெளியிட்டார்கள். ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும்போதுதான் அதிகம் பேர் வாந்தி எடுத்தார்கள். அதைவிட வேகமான குலுக்கலில் அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது.

நமக்கு வாய்த்த கெட்ட நேரம், திறந்த கடலில் சிறு படகுகள் சந்திக்கும் அலைகள் பலவும் ஏறக்குறைய அந்தக் கால அளவில்தான் வருகின்றன. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஏறுகிறோம், இறங்குகிறோம் என்று சொல்கிறது. கேபின் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் ஒன்றும் நடக்கவில்லை என்கிறது. இந்தச் சண்டையில்தான் குமட்டல் பிறக்கிறது. எனவே ஒரு படகைப் பார்த்ததும் அது எவ்வளவு சாயும் என்று கேட்பதைவிட, எப்படி அசையும், அப்போது நான் எங்கே இருப்பேன், கண்ணுக்கு என்ன தெரியும் என்று கேட்பது பயன் தரும்.

விற்பவர்கள் 'ரொம்ப ஸ்டேபிளான படகு' என்கிறார்களே, அதற்கு என்ன பொருள்?

பெரும்பாலும், கரையில் கட்டியிருக்கும் படகின் ஓரத்தில் நீங்கள் கால் வைத்தால் அது அதிகம் சாயாது என்பதுதான். அகலமான, தட்டையான உடல் இருந்தால் இது தானாக வரும். இன்னொரு வகை நிலைத்தன்மை கீழே வைத்த எடையிலிருந்து வருவது. அத்தகைய படகு முதலில் கொஞ்சம் லேசாகச் சாய்ந்துகொடுக்கும், பிறகு அழுத்தமாக நிற்கும், மிகப் பெரிய கோணத்திலிருந்தும் நிமிர்ந்து வரும்.

அகலத்தால் நிற்கும் படகு அலையின் சரிவோடு ஒட்டிக்கொள்ளும். அலை சரிந்தால் அதுவும் சரியும், அலை நிமிர்ந்தால் வெடுக்கென்று நிமிரும். உருளும் நேரத்தைக் கணிக்க ஒரு தோராயமான சூத்திரம் உண்டு: படகின் அகலத்தை மீட்டரில் எடுத்து, 0.8-ஆல் பெருக்கி, 'மெட்டாசென்ட்ரிக் உயரம்' என்ற நிலைத்தன்மை அளவின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 3 மீட்டர் அகலம், 1 மீட்டர் மெட்டாசென்ட்ரிக் உயரம் என்றால் ஓர் ஆட்டத்துக்கு 2.4 விநாடி. நிலைத்தன்மை கூடக் கூட நேரம் குறையும், ஆட்டம் வெடுக்கென்று ஆகும். இந்த வெடுக் ஆட்டம் நேரடியாகக் குமட்டலைத் தராவிட்டாலும் உடம்பை அசத்திவிடும்; களைத்த உடம்பைக் குமட்டல் சீக்கிரம் பிடிக்கும்.

சூத்திரம் வேண்டாம் என்றால் சுலபமான வழி இருக்கிறது. அசையாத நீரில், கயிறுகளைத் தளர்த்திவிட்டு, படகின் ஓரத்தில் நின்று கால் மாற்றி மாற்றி அழுத்தி ஆட்டிவிடுங்கள். பிறகு பத்து ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். பக்கத்தில் நிற்கும் வேறொரு படகிலும் இதையே செய்து பார்த்தால் வித்தியாசம் புரியும்.

ட்ராஃப்ட் குறைந்த படகு அதிகம் ஆடுமா?

ட்ராஃப்ட் என்பது படகு நீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்ற அளவு. அது குறைவு என்பதற்காகவே ஆட்டம் கூடாது. எடை எவ்வளவு, நீர்மட்டத்தில் உடல் எவ்வளவு பரந்திருக்கிறது, இந்த இரண்டும்தான் முக்கியம். ஆனால் ட்ராஃப்ட் குறைந்த படகுகளைப் பெரும்பாலும் இலேசாகவும் அகலமாகவும் கட்டுகிறார்கள். கெட்ட பெயர் அதனால் வந்தது.

உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மீட்டருக்கும் குறைவான ட்ராஃப்ட் இருந்தால் எந்த நீரில் ஓடுவது என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். மணல்திட்டுக்கு உள்பக்கம், முகத்துவாரத்தின் ஓரக்கால்வாய், தீவுக்கும் கரைக்கும் இடைப்பட்ட பகுதி என்று காற்று நெடுந்தூரம் தடையின்றி ஓடி அலை வளர்க்க முடியாத இடங்களில் போகலாம். அங்கே அலை சிறியது, இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை வருவது. சளசளவென்று படகைத் தட்டும், நனைக்கும், ஆனால் வயிற்றைத் தொடாது. இரவில் நங்கூரமிடும்போதும் ஆழக் கீல் (படகின் அடியிலிருந்து நீருக்குள் நீளும் தகடு போன்ற பகுதி) படகுகள் வெளியே உருண்டுகொண்டிருக்க, நீங்கள் கரையை ஒட்டிப் போய்த் தூங்கலாம். குமட்டல்காரருக்கு ட்ராஃப்ட் குறைந்த படகைச் சிபாரிசு செய்ய எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

எச்சரிக்கை ஒன்று: ஆழம் குறையும் இடத்தில் வெளிக்கடல் அலை செங்குத்தாக எழும். அலையின் உயரம் நீரின் ஆழத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை எட்டும்போது அது உடையும். முகத்துவார மணல்மேட்டின் மேல் அலை உடைந்துகொண்டிருந்தால், 'நம் படகு தரை தட்டாதே' என்று உள்ளே நுழையக் கூடாது. நீரோட்டம் ஒரு பக்கமும் காற்று எதிர்ப்பக்கமும் இருக்கும் நேரமும் அப்படித்தான்.

கேட்டமரன் வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்கிறார்களே?

சிலருக்குத் தீரும், சிலருக்குப் பெருகும். இரண்டு உடல் கொண்ட கேட்டமரன் ஓடும்போது ஐந்து டிகிரிகூடச் சாய்வது அரிது. நங்கூரத்தில் நிற்கும்போது இதற்கு இணை இல்லை. இன்னொரு நன்மை பலர் கவனிக்காதது: உட்காரும் கூடம் மேல்தளத்தின் மட்டத்திலேயே இருக்கிறது, சுற்றிலும் கண்ணாடி. உள்ளே இருந்தபடியே தொடுவானம் தெரியும். குமட்டலுக்கு இது பெரிய உதவி.

அசைவோ வேறு மாதிரி. எடைக்கு மிஞ்சிய அகலம் இருப்பதால் அது அலையின் மேற்பரப்பை விடாமல் பின்தொடரும். பக்கவாட்டு அலையில் ஓர் உடல் ஏற, மற்றது இறங்க, பிறகு மாற, தாளமே பிடிபடாத வெட்டாட்டம் வரும். எதிர் அலையில் இரண்டு உடல்களையும் இணைக்கும் தளத்தின் அடியில் நீர் மொத்தென்று அறையும். ஒற்றை உடல் படகில் நன்றாக இருந்து கேட்டமரனில் படுத்துவிட்டவர்கள் உண்டு. அதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. எந்தப் பக்கம் நீங்கள் என்பதைக் காகிதத்தில் கண்டுபிடிக்க முடியாது. சில நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாங்குவதாக இருந்தால் இணைப்புத் தளம் நீரிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், அதுவும் சாமான் ஏற்றிய பிறகு. இடம் தாராளமாக இருக்கிறதே என்று தண்ணீர், எரிபொருள், கருவி, மிதிவண்டி என்று அடுக்கிக்கொண்டே போனால் அந்த உயரம் சுருங்கி அறைதல் கூடும். 12 மீட்டர் கேட்டமரனில் நிலையான குட்டைக் கீல் இருந்தால் ட்ராஃப்ட் பொதுவாக 1 முதல் 1.3 மீட்டர் வரை வரும். கீலுக்குப் பதிலாக ஏற்றி இறக்கும் பலகை வைத்தது இன்னும் குறைவு. ஜேம்ஸ் வாரம் வடிவமைத்த எளிய வகைக் கேட்டமரன்களில் சிறியவை அரை மீட்டர் நீரிலேயே மிதக்கும். ஆனால் அவற்றில் மேல்மட்டக் கூடம் கிடையாது. ஒடுங்கிய உடலுக்குள் இறங்கித்தான் படுக்க வேண்டும்.

டிரைமரன்?

மடக்கக்கூடிய பக்க மிதவைகள் கொண்ட சிறு டிரைமரன்கள், பலகையைத் தூக்கினால் முழங்கால் ஆழத்தில் போகும். வேகமும் அதிகம். மிக இலேசானவை என்பதால் அசைவு சுறுசுறுப்பாக இருக்கும், தெறிப்பும் அதிகம், உள்ளே இடம் குறைவு. பகலில் ஓடி இரவில் கரை சேருபவருக்குப் பொருந்தும்.

இரட்டைக் கீல் படகுகள் பழைய பாணி என்று ஒதுக்கலாமா?

ஒதுக்க வேண்டாம். நடுவில் ஒரு ஆழக் கீலுக்குப் பதிலாக இரு பக்கமும் ஒவ்வொரு குட்டைக் கீல். நீர் வற்றினால் படகு இரண்டு கால் ஊன்றி நிமிர்ந்து நிற்கும். பிரிட்டனின் வெஸ்டர்லி சென்டார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லாரன்ட் ஜைல்ஸ் நிறுவனம் வடிவமைத்து 1969 முதல் 1980 வரை 2,400-க்கும் மேல் கட்டப்பட்டது. 26 அடி நீளம், ட்ராஃப்ட் சுமார் 0.9 மீட்டர், எடை ஏறத்தாழ 3 டன். அந்த நீளத்துக்கு அது நல்ல எடை. அதனால்தான் அலையில் இன்றைய இலேசான படகுகளைப்போலத் துள்ளாமல் நிதானமாகப் போகிறது.

குறை? எதிர்க்காற்றில் ஏறுவது மெதுவாக நடக்கும், பக்கவாட்டில் நழுவலும் உண்டு. செங்குத்தான எதிர் அலையில் காற்றுப் பக்கத்துக் கீல் நீரை அறைவதும் உண்டு. பழைய படகென்றால் கீல் உடலோடு சேரும் இடத்தில் விரிசல், கசிவு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். தரையில் ஒவ்வொரு முறை உட்காரும்போதும் பளு விழுவது அந்த இடத்தில்தான்.

தூக்கும் கீல், நடுப்பலகை என்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

பார்க்க ஒன்றுபோல இருக்கும். எடை எங்கே இருக்கிறது என்பதில் வித்தியாசம். தூக்கும் கீலில் எடை கீலிலேயே இருக்கும். இறக்கினால் ஆழக் கீல் படகின் நடத்தை, தூக்கினால் ஆழமற்ற நீர். சதர்லி படகுகள் இந்த வழியில் பெயர் பெற்றவை. நடுப்பலகைப் படகில் எடை உடலின் அடியிலேயே பதிந்திருக்கும், பலகை பக்கவாட்டு நழுவலைத் தடுக்க மட்டுமே. பிரான்சின் ஓவ்னி வகை அலுமினியப் படகுகள் இப்படி. உலகம் சுற்றப் போகிறவர்கள்கூட அவற்றை எடுத்துப்போகிறார்கள்.

சிறிய அளவில் கார்னிஷ் ஷ்ரிம்பர் என்ற 19 அடிப் படகு நினைவுக்கு வரும். ரோஜர் டாங்ரே வடிவமைப்பு, 1979-இல் வந்தது. பலகையைத் தூக்கினால் ட்ராஃப்ட் அரை மீட்டருக்கும் குறைவு. இதைவிடவும் எளியது டிராஸ்கோம் லக்கர், கேபின் இல்லாத திறந்த படகு. திறந்த படகில் குமட்டல் குறைவாக வருவதைப் பலர் கவனித்திருப்பார்கள். காற்று முகத்தில் அடிக்கிறது, தொடுவானம் எப்போதும் கண்ணில் இருக்கிறது, உள்ளே போய்ப் புழுங்க இடமே இல்லை!

இரண்டு வகையிலும் தொல்லை பலகை போய்வரும் பெட்டியில்தான். சேறும் கல்லும் சிப்பியும் அடைத்துக்கொள்ளும். தூக்கும் கம்பிவடம் தேயும். நங்கூரத்தில் பலகை டக் டக்கென்று இரவெல்லாம் தட்டும். பெட்டி கேபினின் நடுவே சுவர்போல நிற்கும். சுக்கானையும் மறக்காதீர்கள்: கீல் தூக்கினாலும் சுக்கான் ஆழமாக இறங்கியிருந்தால் தரையை முதலில் தட்டப்போவது அதுதான். மடங்கும் சுக்கானோ குட்டையான இரட்டைச் சுக்கானோ இருக்கிறதா என்று பாருங்கள்.

தட்டை அடிப் படகுகள்?

அமைதியான உள்நீருக்கு அருமை. ரால்ஃப் மன்ரோ 1886-இல் புளோரிடா கரைக்காகக் கட்டிய 28 அடி 'ஈக்ரட்' தட்டை அடியோடு உடையும் அலையிலும் நன்றாக நடந்தது என்று புகழ் பெற்றது. அது ஒடுங்கிய உடல், இரு முனையும் கூர். எல்லாத் தட்டை அடிப் படகும் அப்படி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிர் அலையில் அகன்ற தட்டை அடி அறையும்.

விளம்பரங்களில் 'கம்ஃபர்ட் ரேஷியோ' என்று ஓர் எண் போடுகிறார்கள். நம்பலாமா?

டெட் பிரூவர் என்ற படகு வடிவமைப்பாளர் பாதி விளையாட்டாக உருவாக்கி, பிறகு எல்லோரும் எடுத்துக்கொண்ட கணக்கு. நீர்மட்ட நீளத்தின் 0.7 பங்கு, மொத்த நீளத்தின் 0.3 பங்கு, இரண்டையும் அடிக் கணக்கில் கூட்டுங்கள். அதை 0.65-ஆலும், அகலத்தின் 1.33 அடுக்காலும் பெருக்குங்கள். பவுண்டில் உள்ள எடையை அதனால் வகுத்தால் எண் கிடைக்கும். எடை கூடினால் எண் கூடும், அகலம் கூடினால் குறையும். கருத்து அவ்வளவுதான்: ஒரே அலை, கனமான ஒடுங்கிய படகை மெதுவாகவும் இலேசான அகலப் படகை விருட்டென்றும் தூக்கும்.

சென்டாருக்குப் போட்டுப் பார்த்தால் 26 சொச்சம் வருகிறது. அதே 26 அடி நீளத்தில் 4,500 பவுண்டு எடை, 9.5 அடி அகலம், 24 அடி நீர்மட்ட நீளம் என்று ஓர் இலேசான படகைக் கற்பனை செய்தால் 14. இருபதுக்குக் கீழே என்றால் துள்ளல், இருபதுகளில் கரையோரப் பயணத்துக்குச் சுமார், முப்பதுக்கு மேல் நிதானம் என்று பொதுவாகப் பிரிப்பார்கள். ஒரே அளவுள்ள, ஒற்றை உடல் கொண்ட இரண்டு படகுகளை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். கேட்டமரனுக்கு இது பொருந்தாது. எடை எங்கே இருக்கிறது என்பதும் இந்த எண்ணில் தெரியாது. முன்முனையில் கனமான சங்கிலியும் பின்முனையில் பெரிய மோட்டாரும் வைத்த படகு, எண் என்ன சொன்னாலும், ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடும்.

ஐரோப்பியச் சந்தைப் படகுகளில் காணும் ஏ, பி, சி, டி வகைப்பாடு வேறு விஷயம். சி என்றால் பியூஃபோர்ட் என்ற காற்று வேக அளவுகோலில் 6 வரை காற்றும் 2 மீட்டர் வரை அலையும் தாங்கும் வடிவமைப்பு. பி என்றால் 8-ம் 4 மீட்டரும். அது பாதுகாப்பைச் சொல்கிறது, வயிற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

படகுக்குள் எந்த இடம் நல்லது?

இதைக் கவனிக்காமல் நல்ல படகை வாங்கிவிட்டு அவதிப்படுகிறவர்கள் அதிகம். ஏற்ற இறக்கம் மிகக் குறைவாக இருப்பது நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால், நீர்மட்டத்தை ஒட்டி. முன்முனை மிக மோசம். ஆகவே படுக்கை முன்கூரில் மட்டும் இருக்கும் படகு, நின்ற இடத்தில் தூங்கச் சரி, ஓடும்போது உதவாது. நடுவில், தாழ்வாக, விழாமல் தடுக்கும் துணித் தடுப்போடு நீளவாட்டில் ஒரு படுக்கை இருக்க வேண்டும். குமட்டல் தொடங்கினால் மல்லாந்து கண்ணை மூடிக் கிடப்பதே பலருக்கு மருந்து.

சுக்கான் பிடிக்கும் இடம் உயரத்தில் இருந்தால் ஒவ்வொரு உருளலிலும் உடம்பு பெரிய வளைவில் வீசப்படும். நடுத்தள மேடை வைத்த படகுகளில் இந்தக் குறை உண்டு. பின்பக்கத் தாழ்வான காக்பிட் (உட்கார்ந்து படகோட்டும் திறந்த பள்ளம்), முன்னால் மறைப்பில்லாத பார்வை, இதுவே நல்லது. சுக்கானைப் பிடிப்பவருக்குக் குமட்டல் குறையும். அடுத்த அசைவு என்ன என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. எனவே குமட்டல் உள்ளவர் சுலபமாகக் கையாளக்கூடிய சுக்கானா என்று பாருங்கள். வரைபடத் திரை காக்பிட்டிலேயே இருக்கட்டும். கீழே போய்க் குனிந்து வரைபடம் பார்த்த பத்தாவது நிமிடம் கதை முடிந்துவிடும்.

அப்புறம், நாற்றம். டீசல் கசிவு, கழிவறைத் தொட்டி, அடியில் தேங்கிய பழைய நீர். படகு பார்க்கப் போனால் எல்லாக் கதவையும் மூடிவிட்டு உள்ளே கால் மணி நேரம் உட்காருங்கள். மூக்கு சொல்லும்.

சோதனைப் பயணத்தில் என்ன செய்வது?

விற்பவர் காற்றில்லாத நல்ல நாளைத் தேர்ந்தெடுப்பார். நீங்கள் பியூஃபோர்ட் 4 காற்று உள்ள நாளைக் கேளுங்கள். குமட்டல் வரச் சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் என்பதால் அரை மணிச் சுற்று போதாது. எதிர்க்காற்றில் ஓட்டுங்கள், பிறகு காற்றையும் அலையையும் பின்னால் வாங்கிக்கொண்டு ஓட்டுங்கள். பின்சாய்வாக வரும் அலை பலருக்கு எதிர் அலையைவிட மோசம். ஒருமுறை பாய்களை இறக்கிவிட்டுப் பக்கவாட்டு அலையில் சும்மா நில்லுங்கள். பாய் ஏற்றியிருக்கும்போது காற்றின் அழுத்தம் உருளலைத் தணிக்கும், இறக்கியதும் படகின் சொந்தக் குணம் தெரியும். கீழே இறங்கி ஒரு வேலை செய்து பாருங்கள், கயிறு கட்டுவதோ கழிவறைக் குழாயைத் திறப்பதோ எதுவானாலும்.

முக்கியம்: அன்று மருந்து போட்டுக்கொள்ளாமல் போங்கள். ஓட்ட வேறு ஆள் இருக்கட்டும்.

நீளமான படகு வாங்கினால் போதாதா?

உதவும். நீர்மட்ட நீளம் கூடினால் முன்பின் ஆட்டம் குறையும், எடையும் தானாகக் கூடும். ஆனால் பெரிய படகைச் செலுத்தப் பாயும் கயிறும் பெரிதாகும், ஆள் தேவைப்படும். இருவரில் ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் தனியாகச் சமாளிக்க முடிகிற அளவுதான் எல்லை. 8 முதல் 10 மீட்டர், சுமாரான எடை, ஒரு மீட்டர் ட்ராஃப்ட் என்பது என் கணிப்பில் நல்ல சமரசம்.

பழகிப் போய்விடும் என்கிறார்களே, பிறகு எதற்கு இவ்வளவு யோசனை?

தொடர்ந்து கடலில் இருந்தால் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு ஒத்துப்போகும். ஆனால் வாரக் கடைசியில் மட்டும் போகிறவருக்கு அந்த இரண்டு நாள் முடியும்போது பயணமும் முடிந்துவிடுகிறது. பழகாமலே போகிறவர்களும் உண்டு. 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் போன சார்லஸ் டார்வின் கடைசிவரை அவதிப்பட்டார். கடற்படைத் தளபதி நெல்சனும் காற்று கடுமையானால் படுத்துவிடுவார்.

மருந்து போட்டுக்கொண்டு எந்தப் படகையும் ஓட்டலாமா?

சின்னரிசின், மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற மாத்திரைகள் பலருக்கு வேலை செய்கின்றன. குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை, முன்னதாகவே போட வேண்டும். காதின் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமைன் பட்டையைக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பு ஒட்ட வேண்டும், மூன்று நாள்வரை தாங்கும். தூக்கக் கலக்கம், வாய் உலர்தல், பார்வை மங்கல் வரலாம். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்குப் பட்டை ஆகாது. மருத்துவரைக் கேட்டுவிட்டு, முதல் முறை கரையில் இருக்கும்போதே போட்டுப் பாருங்கள். தூக்கம் சொக்குகிற ஆள் தனியாகச் சுக்கான் பிடிக்கும் நிலை வரக் கூடாது. மாத்திரை கட்டாயம் என்றால் தானியங்கிச் சுக்கானும், பாயை காக்பிட்டிலிருந்தே சுருட்டும் வசதியும் உள்ள படகாகத் தேடுங்கள்.